கரியன், கரியள், கரியது: செம்பனைக் குலையில் இருக்கும் இலத்தீன்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். பெயரில் இருப்பது தென்னை, வரலாற்றில் நின்றதோ செம்பனை. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவை இங்கேதான் தொடங்கினார். இவர் 1930-இல் பிரான்சின் கோங்கூர் இலக்கியப் பரிசையும் வாங்கியவர். தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர், முதலாளி பிரெஞ்சுக்காரர், மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அந்த மரத்தின் பழத்துக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயர்களோ இலத்தீன்.

செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு நிறம்தான் சம்பளம். காயாக இருக்கும்போது வெட்டிவிட்டால் எண்ணெய் குறைவு, ஆலையில் தரம் பிரிக்கும்போது கழித்துவிடுவார்கள், பல தோட்டங்களில் கூலியிலும் கை வைப்பார்கள். பழுத்த பிறகும் விட்டுவைத்தால் உதிரிப் பழங்கள் தரையில் கொட்டும், பொறுக்குவதற்குத் தனி வேலை. ஆகவே வெட்டுக்காரர் கழுத்து வலிக்க மேலே பார்த்து, குலையின் நிறத்தையும் கீழே விழுந்து கிடக்கும் உதிரிப் பழங்களையும் வைத்துக் கணக்குப் போடுகிறார். அவர் பார்க்கிற அந்த நிறங்களுக்கு ஆராய்ச்சி நிலையங்களில் இருக்கும் பெயர்கள் மூன்று: நிக்ரெசென்ஸ், விரெசென்ஸ், அல்பெசென்ஸ்.

நம் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை நிக்ரெசென்ஸ். காயாக இருக்கும்போது நுனி கருநீலமாகவும் கறுப்பாகவும் இருக்கும், பழுத்தால் செம்மஞ்சளாக மாறும். ஆனால் நுனியில் கருமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருப்பதால், உயரமான மரத்தில் கீழேயிருந்து பார்த்து முடிவு செய்வது சங்கடம். விரெசென்ஸ் வகையில் காய் பச்சை, பழம் ஆரஞ்சு. மாற்றம் பளிச்சென்று தெரியும். அல்பெசென்ஸ் மிக அரிது. சிவப்பு எண்ணெய்க்கு நிறம் தரும் கரோட்டின் அதில் குறைவு, பழம் வெளிறிப்போயிருக்கும். விரெசென்ஸ் நிறத்துக்குக் காரணமான மரபணுவை மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2014-இல் கண்டறிந்து வெளியிட்டது. பச்சைக் காய் மரங்களைப் பரவலாக நட்டால், பழுக்காத குலையை வெட்டும் தவறு குறையும் என்பது அந்த ஆய்வின் பின்னால் இருந்த எதிர்பார்ப்புகளில் ஒன்று.

இந்த மூன்று சொற்களையும் பிரித்துப் பார்த்தால் இலத்தீன் நிறச்சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது பாதி விளங்கிவிடும். நிகெர் என்றால் கரிய. விரிதிஸ் என்றால் பச்சை. ஆல்பஸ் என்றால் வெள்ளை. இவற்றின் வேரோடு ‘எசென்ஸ்’ என்ற ஈறு சேரும்போது ‘அந்த நிறமாகிக்கொண்டிருக்கும்’ என்ற பொருள் வருகிறது. நிக்ரெசென்ஸ் என்றால் கறுத்துவரும், விரெசென்ஸ் என்றால் பச்சையாகிவரும், அல்பெசென்ஸ் என்றால் வெளுத்துவரும். தாவரவியலார் இதை ‘கருமை சார்ந்த’, ‘பச்சை சார்ந்த’ என்ற தளர்ந்த பொருளிலும் எழுதுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிக்ரெசென்ஸ் பழம் கறுத்துவருவதில்லை, சிவந்துவருகிறது. விரெசென்ஸ் பழமும் பச்சையை விட்டு விலகித்தான் போகிறது. பெயர் வைத்தவர் பழத்தைப் பார்த்து வைக்கவில்லை, காயைப் பார்த்து வைத்திருக்கிறார். இது தெரியாமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் தேர்வில் தலைகீழாக எழுதிவிட வாய்ப்புண்டு.

இனி ஈறுகளுக்கு வருவோம். தமிழில் ‘கரிய’ என்பது எந்தப் பெயருக்கு முன்னாலும் மாறாமல் நிற்கும்: கரிய பையன், கரிய பெண், கரிய பூனை. அதையே பயனிலையாக்கினால் பால் ஈறு வந்துவிடும்: அவன் கரியன், அவள் கரியள், அது கரியது, அவர் கரியர், அவை கரியன. இதைக் குறிப்பு வினைமுற்று என்று பள்ளியில் படித்திருப்பார்கள். இலத்தீனில் பெயரோடு ஒட்டி வரும் அடைமொழிக்கும் இதே ஈறு கட்டாயம். நிகெர் என்றால் கரியன், நிக்ரா என்றால் கரியள், நிக்ரம் என்றால் கரியது. ஆல்பஸ், ஆல்பா, ஆல்பம் என்பவை வெளியன், வெளியள், வெளியது. ரூபர், ரூப்ரா, ரூப்ரம் என்பவை செய்யன், செய்யள், செய்யது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருகிறது. மனிதருக்குத்தான் ஆண்பால், பெண்பால். மிளகும் கடுகும் அஃறிணை, அவ்வளவுதான். இலத்தீனில் பால் சொல்லோடு பிறந்தது. மிளகைக் குறிக்கும் பைப்பர் அலிப்பால், ஆகவே மிளகின் பெயர் பைப்பர் நிக்ரம். கடுகுப் பேரினமான பிராசிக்கா பெண்பால், ஆகவே கருங்கடுகு பிராசிக்கா நிக்ரா. வெங்காயத் தோலில் கறுப்பாகப் படியும் பூஞ்சை அஸ்பெர்ஜிலஸ் ஆண்பால், ஆகவே அது அஸ்பெர்ஜிலஸ் நிகெர். மணத்தக்காளியோ சொலானம் நிக்ரம், மீண்டும் அலிப்பால். ஒரே சமையலறையில், ஒரே கருமை, மூன்று ஈறு. (வெள்ளை மிளகும் பைப்பர் நிக்ரம்தான். தோலை ஊறவைத்து உரித்ததால் மட்டும் வெள்ளை. செடி ஒன்றே.)

வெள்ளைக்கும் அப்படியே. பூசைச் சந்தனம் சாண்டலம் ஆல்பம். முசுக்கொட்டை மோரஸ் ஆல்பா. கோல சிலாங்கூர் கடலோரச் சேற்றில் முதலில் வேரூன்றும் ‘அப்பி அப்பி பூத்தே’ மரம் அவிசென்னியா ஆல்பா. கல்யாண ஆல்பம் என்று வீட்டில் வைத்திருக்கிறோமே, அந்தச் சொல்லும் இந்த அலிப்பால் ‘ஆல்பம்’ தான். ரோமானியர்கள் அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். அங்கிருந்து வெற்றுத்தாள் புத்தகத்துக்கு வந்து, கடைசியில் புகைப்படத்துக்கு வந்து நின்றது.

மேலே மோரஸ் ஆல்பா என்றதைக் கவனித்தவர்கள் கேட்பார்கள்: ‘அஸ்’ என்று முடிவது ஆண்பால் என்றால் மோரஸ் ஆல்பஸ் என்றல்லவா வரவேண்டும்? ரோமானியர்களுக்கு மரங்கள் பெரும்பாலும் பெண்பால். சொல் ‘அஸ்’ என்று முடிந்தாலும் சரி. கோவில் மரத்தடியில் இதற்குச் சான்று உண்டு. அரசமரம் ஃபைக்கஸ் ரெலிஜியோசா, ரெலிஜியோசஸ் அல்ல. பெயரின் வாலைப் பார்த்து அடைமொழியின் வாலை ஊகிக்க முடியாது என்பதற்கு அரசமரத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஓர் உயிரினத்தை ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஈறும் மாறவேண்டும். இதுதான் பழைய புத்தகம் படித்தவர்களையும் புதிய புத்தகம் படித்தவர்களையும் மோதவைக்கும் இடம். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் நிற்கும் பெரிய வெண்கொக்குக்கு லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர் ஆர்டியா ஆல்பா. பிறகு அதை எக்ரெட்டா ஆல்பா என்றார்கள். சிலர் கேஸ்மெரோடியஸ் என்ற ஆண்பால் பேரினத்துக்குக் கொண்டுபோனதால் அது கேஸ்மெரோடியஸ் ஆல்பஸ் ஆனது. இப்போது மறுபடியும் ஆர்டியா ஆல்பா. கொக்கு ஓர் இறகுகூட மாற்றிக்கொள்ளவில்லை.

கோவில் வாசலிலும் லயத்து முற்றத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியின் கதை இன்னும் சுவையானது. மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடிக்கு லின்னேயஸ் 1759-இல் வின்கா ரோசியா என்று பெயரிட்டார். வின்கா பெண்பால், ஆகவே ரோசியா. 1837-இல் ஜார்ஜ் டான் அதைக் கேத்தராந்தஸ் என்ற ஆண்பால் பேரினத்துக்கு மாற்றினார். ரோசியா உடனே ரோசியஸ் ஆனது. ஆனால் அதிலிருந்து பிரித்தெடுத்த புற்றுநோய் மருந்துகளுக்கு வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று பழைய வின்கா பெயரே ஒட்டிக்கொண்டது. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் சிகிச்சைத் தாளில் வின்கிரிஸ்டின் என்று பார்க்கும் பெற்றோர் பலருக்கு அது முற்றத்துப் பூ என்பது தெரிவதில்லை. அதற்காக அந்த இலையை வீட்டில் கசக்கிக் குடிக்கக்கூடாது. செடி நச்சுத்தன்மை கொண்டது, மருந்து மருத்துவமனையில் அளந்து ஊசி வழியாகத் தருவது.

ரோசியஸ் என்பது நிறச்சொல் பிறக்கும் இன்னொரு வழியைக் காட்டுகிறது. பொருளின் பெயரோடு ‘இயஸ்’ சேர்த்தால் அந்தப் பொருளின் நிறம். ரோசா என்ற ரோஜாவிலிருந்து ரோசியஸ். பொன் என்ற ஆரமிலிருந்து ஆரியஸ், வெள்ளி என்ற அர்ஜென்டமிலிருந்து அர்ஜென்டியஸ், சாம்பல் என்ற சினிஸிலிருந்து சினெரியஸ், கறுவாப்பட்டை என்ற சின்னமோமமிலிருந்து சின்னமோமியஸ். தமிழிலும் சாம்பல் நிறம், ஆரஞ்சு நிறம் என்கிறோம்; ‘நிறம்’ என்று தனிச்சொல் போடுகிறோம், அவர்கள் ஈறு போட்டார்கள். பொருட்பெயரே அடைமொழியாகாமல் அப்படியே நின்றால் ஈறு மாறாது. நம் தேசிய மலர் செம்பருத்திக்குப் பெயர் ஹிபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ். ஹிபிஸ்கஸுக்கு ‘அஸ்’ ஈறு இருந்தும் ரோசா ரோசாவாகவே இருக்கிறது, ஏனென்றால் அது நிறம் அல்ல, ‘சீன ரோஜா’ என்ற பெயர்.

சாம்பல் நிற சினெரியாவைத் தாங்கும் இரண்டு பறவைகள் கோல சிலாங்கூர் கடற்கரைக்கு உரியவை. ஒன்று சாம்பல் நாரை, ஆர்டியா சினெரியா. பெயரும் பறவையும் பொருந்துகின்றன. இன்னொன்று மிக்டீரியா சினெரியா என்ற பால்வெள்ளை நாரை. இதை 1822-இல் டன்டலஸ் சினெரியஸ் என்று பெயரிட்டவர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், சிங்கப்பூர் ராஃபிள்ஸேதான். டன்டலஸ் ஆண்பால், மிக்டீரியா பெண்பால், ஆகவே ஈறு மாறியது. வளர்ந்த பறவை பால்போல் வெள்ளையாக இருக்கும்போது அதற்குச் சாம்பல் என்று பெயர் எதற்கு என்று கேட்கலாம். அதன் இளம்பறவை சாம்பலும் பழுப்புமாக இருக்கும் என்பதையாவது சொல்லலாம். ஒருமுறை முறைப்படி வைத்த பெயரை, பொருத்தமில்லை என்ற காரணத்துக்காக யாரும் தூக்கி எறிய முடியாது என்பது பெயரிடல் விதி. ஈற்றைத்தான் திருத்தலாம். அழிவின் விளிம்பில் உள்ள இந்த நாரையை ஸூ நெகாரா வளர்த்துப் பெருக்கி, 1990களில் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் விட்டுப் பார்த்தது.

புக்கிட் மெலாவத்தி ஏறியவர்கள் வேர்க்கடலைக்கும் பயற்றங்காய்க்கும் கை நீட்டும் வெள்ளிநிறக் குரங்குகளை மறந்திருக்க மாட்டார்கள். குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றில் தொங்கும். பழைய நூல்களில் அதன் பெயர் பிரெஸ்பிடிஸ் கிரிஸ்டாட்டா, ‘கொண்டையுள்ளவள்’. பேரினம் மாறியபோது டிராக்கிபிதேகஸ் கிரிஸ்டாட்டஸ், ‘கொண்டையுள்ளவன்’. 2008-இல் இந்தக் கரையோரக் குரங்கைத் தனி இனமாகப் பிரித்து டிராக்கிபிதேகஸ் சிலாங்கோரென்சிஸ் என்றார்கள். ‘சிலாங்கூரைச் சேர்ந்த’ என்று பொருள். ரப்பருக்கு ஹெவியா பிரேசிலியென்சிஸ், செம்பனைக்கு இலேயிஸ் கினியென்சிஸ் என்று வருவதும் இதே ஊர் ஈறு. இந்த வகைக்கு ஆணும் பெண்ணும் ஒரே வடிவம், அலிப்பாலுக்கு மட்டும் ‘என்சே’.

பச்சை என்ற விரிதிஸும் அந்தக் கூட்டம்தான். குப்பைக்கீரை அமராந்தஸ் விரிதிஸ் (ஆண்பால்). உரக்கடையில் நோய்க்கட்டுப்பாட்டுக்கு விற்கும் நல்ல பூஞ்சை டிரைக்கோடெர்மா விரிதே. ‘ஆ’ என்று முடிகிறதே, பெண்பால் அல்லவா என்றால் இல்லை. டெர்மா கிரேக்கச் சொல், அலிப்பால். ஆகவே விரிதே. நிக்ரெசென்ஸ் போன்றவை இதைவிட எளிது, எழுவாய் வடிவில் மூன்று பாலுக்கும் ஒன்றே. தமிழில் ‘கறுத்துவரும்’ என்ற பெயரெச்சம் பையனுக்கும் பெண்ணுக்கும் பழத்துக்கும் மாறாதது போல. சோளம் என்ற சோர்கம் பைகலர், தேமலைக் குறிக்கும் பிடிரியாசிஸ் வெர்சிகலர் ஆகியவற்றில் வரும் ‘கலர்’ ஈறும் அப்படியே.

தேமல் என்றதும் ஒரு நடைமுறைச் செய்தி. கிளினிக் அட்டையில் பிடிரியாசிஸ் வெர்சிகலர் என்று இருந்தால் அது மலாய்க்காரர்கள் ‘பானாவ்’ என்பது. தோலில் வாழும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் வருவது, பூஞ்சை மருந்துக்குக் கேட்கும். ‘பலநிறமான’ என்பது பெயர். பிடிரியாசிஸ் ஆல்பா என்று இருந்தால் வேறு. பிள்ளைகளின் கன்னத்தில் வெளிறிய திட்டாக வருவது, பூஞ்சை அல்ல, தொற்றாது, பெரும்பாலும் தானே மறையும். தோட்டத்தில் இரண்டையும் ‘வயிற்றுப் பூச்சி’ என்று சொல்லிப் பேதி மருந்து கொடுப்பது இன்னும் இருக்கிறது. கன்னத்துத் திட்டுக்குப் பானாவ் மருந்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குவதும் நடக்கிறது. அட்டையில் இரண்டாவது சொல்லைப் படித்தாலே போதும்.

கர்ப்பிணிகளின் வயிற்றில் தொப்புளுக்கு மேலும் கீழும் ஓடும் கருங்கோட்டுக்கு லினியா நிக்ரா என்று பெயர். கர்ப்பத்துக்கு முன் அதே கோட்டின் பெயர் லினியா ஆல்பா. கோடு பெண்பால், நிறம் மாறினாலும் பால் மாறவில்லை. கருமுட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் மஞ்சள் திரள் கார்பஸ் லூட்டியம். கார்பஸ் ‘அஸ்’ என்று முடிந்தாலும் அலிப்பால், ஆகவே லூட்டியஸ் அல்ல. அது வெளுத்து வடுவான பின் கார்பஸ் ஆல்பிகன்ஸ்.

வேற்றுமை உருபு எங்கே வரும் என்ற கேள்வி எஞ்சுகிறது. தமிழில் ‘கரிய மிளகின்’ என்றால் உருபு மிளகோடு மட்டும் சேரும், ‘கரிய’ அப்படியே நிற்கும். இலத்தீனில் இரண்டும் சேர்ந்தே வளையும். பைப்பர் நிக்ரம் என்பது எழுவாய், ‘கரிய மிளகின் பழம்’ என்றால் பைப்பெரிஸ் நிக்ரி ஃப்ரக்டஸ். சந்தனக்கட்டை சாண்டலி ஆல்பி லிக்னம். பன்மையில் கார்பஸ் லூட்டியம் கார்போரா லூட்டியா ஆகிவிடும். உயிரினப் பெயர்களில் அடைமொழி எப்போதும் எழுவாய் வடிவில்தான் வரும் என்பதால், மாணவர்கள் முழு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று ஈறுகள் போதும்.

தமிழ் ஏன் ஈறு மாற்றாமல் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம், அது வேறு பக்கம் மாற்றுகிறது. செம்மை தாமரையோடு சேர்ந்தால் செந்தாமரை, காந்தளோடு செங்காந்தள், பருத்தியோடு செம்பருத்தி. பசுமை கிளியோடு பைங்கிளி, இலையோடு பச்சிலை, பொன்னோடு பசும்பொன். அடுத்து வரும் ஒலியைப் பார்த்து மாறுகிறது, பாலைப் பார்த்து அல்ல. நன்னூல் இதற்கென்றே விதி வகுத்திருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் அந்த விதியைப் படித்த பிள்ளைக்கு நிகெர், நிக்ரா, நிக்ரம் பெரிய மலை அல்ல.

நிகெர் நிக்ரா ஆகும்போதும் ரூபர் ரூப்ரா ஆகும்போதும் நடுவில் இருக்கும் எகரம் விழுந்துவிடுகிறது. எல்லாச் சொல்லிலும் அப்படி விழாது. ‘மென்மையான’ என்ற டெனர், பெண்பாலில் டெனெரா, எகரம் நிற்கும். இந்தச் சொல்லைக் கோல சிலாங்கூர்க்காரர்கள் இரண்டு இடத்தில் சந்திக்கலாம். இன்று தோட்டங்களில் நட்டிருக்கும் செம்பனை டெனெரா வகை. தடித்த ஓடுள்ள டூராவையும் (‘கடினமானவள்’) ஓடே இல்லாத பிசிஃபெராவையும் (‘பட்டாணி தாங்குபவள்’) கலந்து பெற்ற மெல்லிய ஓட்டுக் கலப்பு. மூன்றும் பெண்பால் ஈறுகள். 1960களிலிருந்து டூராவை ஒதுக்கி டெனெராவை நட்ட பிறகுதான் எக்கருக்குக் கிடைக்கும் எண்ணெய் ஏறியது.

இன்னொரு இடம் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினியின் பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். அதன் உறவான இன்னொரு மின்மினி டெரோப்டிக்ஸ் வாலிடா. ஒன்றில் ஆண்பால் ஈறு, மற்றொன்றில் பெண்பால் ஈறு, பேரினமோ ஒன்றே. விதிப்படி பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகவேண்டும், ஆனால் நூல்களில் அவை இப்படியேதான் அச்சாகி வருகின்றன. மின்மினியின் புழு ஆற்றோர ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்த பிறகு பெரெம்பாங் இலைக்கு வருகிறது. கரைவரை வெட்டித் துப்புரவாக்கிச் செம்பனை நட்ட இடங்களில் அந்த மண்ணும் இல்லை, அந்த மரமும் இல்லை. நடப்பட்டது டெனெரா, காணாமல் போனது டெனர்.